ஆன்டிபயாடிக்கா, தாவர மருந்தா? கிருமி இருக்கும் இடம்தான் பதிலை முடிவு செய்கிறது

"ஆன்டிபயாடிக் வேண்டாம், இயற்கையாக ஏதாவது இருக்கிறதா?" தொண்டை வலியோடு இருப்பவர் இதைக் கேட்கிறார். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண் கேட்கிறார். முகப்பருவுக்காக மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கி அலுத்துப்போன இளைஞரும் கேட்கிறார். மூவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால், குறைந்தது இருவருக்காவது அது தப்பாகப் போகும்.

ஒப்பிடத் தொடங்கும் முன் ஒரு விஷயம். இயற்கை ஒரு பக்கம், ரசாயனம் மறுபக்கம் என்று கோடு போடுவது இங்கே செல்லாது. பெனிசிலின் ஒரு பூஞ்சை சுரக்கும் பொருள். 1928இல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் அதைத்தான் கண்டார். ஸ்ட்ரெப்டோமைசின், எரித்ரோமைசின் எல்லாம் மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் தயாரித்துக்கொள்பவை. இன்று நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பகுதி இப்படி இயற்கையில் பிறந்தவை, அல்லது அப்படிப் பிறந்தவற்றைக் கொஞ்சம் மாற்றிச் செய்தவை. தாவரத்திலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் சாதுவாகிவிடுவதும் இல்லை. 1990களில் பெல்ஜியத்தில் எடை குறைக்கக் கொடுத்த மூலிகை மாத்திரைகளில் அரிஸ்டோலோக்கியா என்ற செடி கலந்திருந்தது. சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது, சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது.

ஆகவே எங்கிருந்து வந்தது என்பதை ஓரமாக வைத்துவிட்டு, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று முதலில் பேசலாம்.

## எதை வைத்து அளப்பது

நோய்க்குக் காரணம் பாக்டீரியாதானா? சளி, ஃப்ளூ, பெரும்பாலான தொண்டை வலி, பெரும்பாலான இருமல் எல்லாம் வைரஸால் வருபவை. அங்கே ஆன்டிபயாடிக்குக்கு வேலையே இல்லை. எனவே "மாற்று" என்ற பேச்சுக்கும் இடமில்லை.

கிருமி இருக்கும் இடத்துக்கு மருந்து போதிய அளவில் போய்ச் சேருமா? என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமான அளவுகோல் இதுதான். ஆய்வுக்கூடத் தட்டில் பாக்டீரியாவைத் தடுக்க வழக்கமான ஆன்டிபயாடிக் ஒரு மில்லிலிட்டருக்கு 0.01 முதல் 10 மைக்ரோகிராம் வரை இருந்தால் போதும். தாவரப் பொருள்களில் பலவற்றுக்கு 100 முதல் 1000 மைக்ரோகிராம் தேவைப்படுகிறது. "பூண்டு கிருமியைக் கொல்கிறது என்று ஆய்வில் நிரூபணம்" என்ற வகைச் செய்திகள் பொய்யில்லை, ஆனால் அவற்றில் இந்த எண் மட்டும் இருக்காது. தட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். ரத்தத்தில் அப்படி முடியாது.

தாவரங்கள் ஏன் இவ்வளவு பலவீனமான ஆயுதங்களோடு காலம் தள்ளுகின்றன? அவற்றுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. இலையில் காயம் பட்டால் அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே, பல பொருள்களைக் கலந்து அடர்த்தியாகச் சுரந்துவிடுகின்றன. அந்தக் கலவை உடல் முழுக்கச் சுற்றிவர வேண்டிய அவசியம் செடிக்கு இல்லை. நாமோ அதிலிருந்து ஒரே ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, விழுங்கி, கல்லீரலைத் தாண்டி நுரையீரலுக்கோ சிறுநீரகத்துக்கோ போகும் என்று எதிர்பார்க்கிறோம்.

தாமதித்தால் என்ன போகும்? முகப்பருவில் இரண்டு வாரம் வீணானால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ரத்தத்தில் தொற்று பரவிய நிலையில் சில மணி நேரமே உயிரைத் தீர்மானிக்கும்.

மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்களா, எதோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள்? மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்களா என்பதையும் பாருங்கள். தானாகவே குணமாகும் நோயில் எந்த மருந்துக்கும் நல்ல பெயர் கிடைத்துவிடும்.

மறைமுகச் செலவுகள்: பக்கவிளைவு, வேறு மருந்துகளோடு மோதல், டப்பாவுக்கு டப்பா மாறும் தரம், எதிர்ப்புத்திறன் (அதாவது கிருமி மருந்துக்கு மசியாமல் போவது).

## வழி 1: ஆன்டிபயாடிக்

நிமோனியா, மூளைக்காய்ச்சல், டைஃபாய்டு, காசநோய், சிறுநீரகம்வரை ஏறிய தொற்று, ரத்தத் தொற்று. இந்த வரிசையில் உள்ள எதற்கும் தாவர மாற்று என்று ஒன்று இன்று இல்லை. இதில் நடுநிலையாகப் பேச எதுவும் இல்லை. கிருமி ஆழத்தில் இருக்கிறது, அங்கே தேவையான அளவில் போய்ச் சேர்வது ஆன்டிபயாடிக் மட்டும்தான்.

ஆன்டிபயாடிக்கின் செலவுகளும் சின்னவை இல்லை. வயிற்றுப்போக்கு சாதாரணமாக வருவது. குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்த இடத்தில் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகினால் அது ஆளையே சாய்க்கும் வயிற்றுப்போக்காக மாறலாம், முதியவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் சிலருக்குத் தசைநாண்களைப் பாதிக்கின்றன, கிழியும் அளவுக்கும் போகலாம்.

எதிர்ப்புத்திறன் எல்லோரும் பேசும் விஷயம், ஆனால் அது எங்கோ உலகத்துக்கு நடப்பது போலவே பேசப்படுகிறது. மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் 2019இல் மட்டும் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலகளாவிய மதிப்பீடு. தனி மனிதருக்கும் இது பொருந்தும். ஒரு முறை ஆன்டிபயாடிக் எடுத்தால், அடுத்த சில மாதங்களுக்கு உங்கள் உடலிலேயே அந்த மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்கள் கூடுதலாக இருக்கும். அடுத்த தொற்று அவற்றால் வந்தால் அதே மாத்திரை வேலை செய்யாது. தேவையில்லாத மாத்திரையைத் தவிர்ப்பது உங்களுக்கே லாபம்.

தவிர்ப்பது ஒரு வழி, குறைப்பது இன்னொரு வழி. உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று குழுக்களாகப் பிரித்து வைத்திருக்கிறது: முதலில் எடுக்க வேண்டியவை, கவனத்தோடு எடுக்க வேண்டியவை, கடைசி ஆயுதமாக ஒதுக்கி வைத்தவை. உங்களுக்கு எழுதிக் கொடுத்தது எந்தக் குழு என்று மருத்துவரிடம் கேட்பதில் தப்பே இல்லை. நாள் கணக்கையும் கேளுங்கள். பல தொற்றுகளுக்கு முன்பு சொன்னதைவிடக் குறைந்த நாட்களே போதும் என்று இப்போது தெரிகிறது. சாதாரண நிமோனியா பலருக்கு 5 நாட்களில் அடங்குகிறது. சிறுநீர்ப்பை தொற்றுக்கு ஃபாஸ்ஃபோமைசின் ஒரே ஒரு வேளைதான். ஆன்டிபயாடிக்கைக் கண்டு பயப்படுகிறவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது சரியான மருந்து, சரியான நாட்கள். மூலிகைக்கு ஓட வேண்டியதில்லை.

## வழி 2: வாய்வழி எடுக்கும் தாவரப் பொருள்கள்

அதிக நம்பிக்கையும் அதிக ஏமாற்றமும் இந்த வழியில்தான்.

மஞ்சளில் உள்ள குர்குமினை எடுத்துக்கொள்வோம். ஆய்வுக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. விழுங்கினால் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவது மிகக் கொஞ்சம், போனதையும் கல்லீரல் வேகமாக மாற்றி வெளியே தள்ளிவிடுகிறது. மிளகில் உள்ள பைப்பரினைச் சேர்த்தால் ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடியது என்று 1998இல் ஓர் ஆய்வு காட்டியது. அதைப் படித்துத்தான் இன்று பல மாத்திரைகளில் மிளகுச் சத்தும் சேர்கிறது. ஒன்றுமில்லாததன் 20 மடங்கு என்பது தொற்றை அடக்க இன்னும் போதாது. பைப்பரின் குர்குமினுக்கு மட்டும் கதவைத் திறந்துவிடுவதில்லை, நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றலாம். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். சமையலில் சேரும் மஞ்சளைப் பற்றி இங்கே பேசவில்லை.

பூண்டின் அல்லிசின் உண்மையிலேயே வலுவான கிருமிக்கொல்லி. பூண்டு முழுசாக இருக்கும்போது அதில் அல்லிசின் கிடையாது. நசுக்கும்போது ஒரு நொதி வேலை செய்துதான் அது உண்டாகிறது. வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். பச்சையாக நசுக்கிச் சாப்பிட்டாலும், ரத்தத்தில் கலந்ததும் அல்லிசின் அங்குள்ள கந்தகச் சேர்மங்களோடு வினைபுரிந்து காணாமல் போய்விடுகிறது. ஆழத்திலுள்ள தொற்றுக்குப் பூண்டு உதவாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

மரமஞ்சள் போன்ற செடிகளில் இருக்கும் பெர்பெரின் கொஞ்சம் வேறு கதை. அதுவும் ரத்தத்தில் சேராது, குடலிலேயே தங்கிவிடும். ஆனால் கிருமியே குடலில் இருந்தால்? 1987இல் வங்கதேசத்தில் நடந்த சோதனையில், ஈ.கோலை பாக்டீரியாவின் ஒரு வகையால் வந்த வயிற்றுப்போக்கை ஒரே வேளை பெர்பெரின் கணிசமாகக் குறைத்தது. போய்ச் சேரும் இடத்தில் அது வேலை செய்கிறது, அவ்வளவுதான். இதை வைத்து வயிற்றுப்போக்குக்குப் பெர்பெரின் தேட வேண்டாம், உயிரைக் காப்பாற்றுவது உப்புச்சர்க்கரைக் கரைசல்தான். கர்ப்பிணிகளுக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கும் பெர்பெரின் கூடவே கூடாது. குழந்தையின் மஞ்சள்காமாலையை அது மோசமாக்கும்.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற செடியையும் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்குப் பேர்போன செடி. அதன் ஹைப்பர்ஃபோரின், ஆன்டிபயாடிக்குக்கு மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவையே தட்டில் அடக்குகிறது, அதுவும் குறைந்த அளவில். ஆகா என்று தோன்றும். அதே ஹைப்பர்ஃபோரின் கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிட்டு, கருத்தடை மாத்திரை, உறுப்பு மாற்று செய்தவர்களின் மருந்து, எச்ஐவி மருந்து எல்லாவற்றையும் சீக்கிரமாகக் கரைத்து வெளியேற்றிவிடும்.

தாவரப் பொருள் ஜெயித்த கதையே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, அது பாக்டீரியாவுக்கு எதிராக இல்லை. மலேரியா ஒட்டுண்ணிக்கு எதிராக சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் குயினைன் பிரிக்கப்பட்டது. சீனாவில் தூ யூயூ 1970களின் தொடக்கத்தில் ஒருவகை மாசிப்பத்திரிச் செடியிலிருந்து ஆர்டிமிசினினை எடுத்தார், 2015இல் நோபல் பரிசு பெற்றார். கொதிக்கவைத்தால் அந்தப் பொருள் கெட்டுவிடும் என்று உணர்ந்து, குறைந்த வெப்பத்தில் ஈதரால் பிரித்ததுதான் அவருடைய திருப்புமுனை. இன்று அது சுத்திகரிக்கப்பட்டு, மாற்றியமைக்கப்பட்டு, அளவு குறிக்கப்பட்டு, இன்னொரு மருந்தோடு சேர்த்தே கொடுக்கப்படுகிறது. அதே செடியின் இலையையோ தேநீரையோ மலேரியாவுக்குப் பயன்படுத்துவதை உலக சுகாதார நிறுவனம் ஆதரிக்கவில்லை. இத்தனைக்குப் பிறகும் தென்கிழக்கு ஆசியாவில் ஆர்டிமிசினினுக்கே மசியாத ஒட்டுண்ணி வந்துவிட்டது. "மூலிகைக்கு எதிர்ப்புத்திறன் வராது" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாய்வழித் தாவரப் பொருள்கள் உண்மையிலேயே கை கொடுக்கும் ஓர் இடம் இருக்கிறது: தடுப்பு. அதற்குக் கீழே வருகிறேன்.

## வழி 3: தோலிலும் வாயிலும் பூசுவது

இங்கே எல்லாமே தலைகீழ். மருந்து கல்லீரலைத் தாண்ட வேண்டாம். 1000 மைக்ரோகிராம் வேண்டுமா, அதைவிடப் பல மடங்கு வைக்கலாம். செடி இலைக்காயத்தில் செய்வதை நாமும் அப்படியே செய்கிறோம்.

முகப்பருவுக்கு 5 சதவீத டீ ட்ரீ (ஓர் ஆஸ்திரேலிய மரம்) எண்ணெய் ஜெல்லையும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடையும் ஆஸ்திரேலியாவில் ஒப்பிட்டார்கள். முடிவு 1990இல் வெளிவந்தது. இரண்டுமே பருவைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாகவே வேலை செய்தது, ஆனால் எரிச்சலும் வறட்சியும் குறைவு. அவசரமில்லாத, தோல் மென்மையான ஒருவருக்கு இது நியாயமான தேர்வு. ஒன்றைக் கவனியுங்கள்: பென்சாயில் பெராக்சைடும் ஆன்டிபயாடிக் இல்லை, அதற்கும் பாக்டீரியா எதிர்ப்புத்திறன் வளர்த்துக்கொள்வதில்லை. முகப்பருவில் ஆன்டிபயாடிக்கைத் தவிர்க்க நினைப்பவருக்கு மூலிகை மட்டுமே வழி என்று இல்லை.

கடினமான கிருமி என்றால் நிலைமை மாறுகிறது. எம்ஆர்எஸ்ஏ என்ற, பல மருந்துகளுக்கு மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸை உடலிலிருந்து நீக்க டீ ட்ரீயையும் வழக்கமான மருந்துகளையும் ஒப்பிட்ட ஒரு சோதனை 2004இல் வெளியானது. மூக்கில் ஒட்டியிருந்த கிருமியை மூபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு 78 சதவீதம் பேரிடம் நீக்கியது, டீ ட்ரீ களிம்பு 47 சதவீதம் பேரிடம். தோலில் டீ ட்ரீ நன்றாகவே செய்தது. 47 என்பது பூஜ்யம் இல்லை. ஒரு செடியின் எண்ணெய்க்கு அது பெரிய விஷயம். ஆனால் அறுவை சிகிச்சைக்கு முன்னால் கிருமியை நீக்க வேண்டியவர் அதை நம்பி உட்கார முடியாது.

வாயில் தைமால், யூகலிப்டால், மென்தால் சேர்ந்த வாய்கொப்பளிப்பான்கள், பல் துலக்குவதோடு சேரும்போது பற்படலத்தையும் ஈறு வீக்கத்தையும் குறைக்கின்றன. ஓமத்தின் வாசனைக்குக் காரணமான அதே தைமால்தான். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி பற்படலத்தில் இதைவிட வலுவானது, ஆனால் நாள்பட்டால் பல்லில் பழுப்புக்கறை படியும். நீண்டநாள் பயன்பாட்டுக்குத் தாவர எண்ணெய் வகை பொருத்தம். பல்லின் வேரில் சீழ் கட்டிவிட்டால் இதெல்லாம் கணக்கில் வராது. கிராம்பின் யூஜினால் வலியை மரக்கச் செய்யும், சீழை வடிக்காது. அந்த நிலையில் ஆன்டிபயாடிக்கும் தனியாகப் போதாது, பல் மருத்துவர் கைவைத்தாக வேண்டும்.

மறைமுகச் செலவுகள்: டீ ட்ரீ எண்ணெய் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசானால் ஒவ்வாமையைக் கிளப்பும் பொருள்களாக மாறுகிறது. தவறி விழுங்கினால் விஷம், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். நீர்க்காத எண்ணெயை நேரடியாகத் தோலில் தேய்ப்பதும் நல்லதில்லை.

## வழி 4: காத்திருப்பது

ஒப்பீடுகளில் யாரும் சேர்க்காத போட்டியாளர், பல நேரங்களில் ஜெயிப்பதும் இதுதான். தொண்டை வலியில் ஆன்டிபயாடிக் சராசரியாக 16 மணி நேரம்தான் முன்கூட்டியே குணமாக்குகிறது. ஒரு வாரத்தில், எதுவும் எடுக்காதவர்களிலும் பத்தில் எட்டுப் பேருக்குச் சரியாகிவிடுகிறது. குழந்தைகளின் காதுவலியிலும் பெரும்பாலானவை தானே அடங்கும். இந்த இடங்களில் ஆன்டிபயாடிக்குக்குப் பதில் தாவர மருந்து எடுத்து "குணமானது" என்று சொல்பவர்கள் காத்திருந்துதான் குணமானார்கள். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. காத்திருக்கும் நாட்களில் தொண்டைக்கு இதமாக ஏதாவது இருப்பது நல்லதுதான். இருமலுக்குத் தேன் கொடுப்பதைப் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலே பரிந்துரைக்கிறது. ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது, பொட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோய் வரலாம்.

விதிவிலக்கு ஒன்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வரும் தொண்டைத் தொற்று, கீல்வாதக் காய்ச்சலாக மாறி இதய வால்வைக் கெடுக்கலாம். அந்த நோய் அதிகமுள்ள சமூகங்களில் பெனிசிலின் கொடுப்பது தொண்டைக்காக இல்லை, இதயத்துக்காக. அங்கே காத்திருப்பதன் கணக்கே வேறு.

## சிறுநீர்த் தொற்று: நேருக்கு நேர் மோதிய இடம்

தாவர மருந்தையும் ஆன்டிபயாடிக்கையும் மனிதர்களிடம் நேராக ஒப்பிட்ட நல்ல சோதனைகள் இருப்பது இந்த நோயில்தான். அதனால் இதில் கொஞ்சம் நிற்கலாம். இவை எல்லாம் கர்ப்பமில்லாத, காய்ச்சல் இல்லாத பெண்களின் சாதாரண சிறுநீர்ப்பைத் தொற்றைப் பற்றியவை.

ஊவா உர்சி என்ற செடியின் இலையில் ஆர்பூட்டின் இருக்கிறது. அது உடலில் மாறி ஹைட்ரோகுவினோனாகச் சிறுநீரில் வந்து சேர்கிறது. கிருமி இருக்கும் இடத்துக்கே போவதால், நம் அளவுகோலின்படி நம்பிக்கை தரும் மருந்து. ஜெர்மனியில் சுமார் 400 பெண்களிடம் இதை ஃபாஸ்ஃபோமைசினோடு ஒப்பிட்டு 2021இல் வெளியிட்டார்கள். ஊவா உர்சி எடுத்தவர்களிடம் ஆன்டிபயாடிக் பயன்பாடு ஏறக்குறைய 64 சதவீதம் குறைந்தது. இதோடு நிறுத்தினால் மூலிகைக்கு வெற்றி. ஆனால் அவர்களுக்கு எரிச்சலும் வலியும் கூடுதலாக நீடித்தது, தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியவர்கள் 8 பேர்; மறுபக்கம் 2 பேர்.

இதே குழுவினர் 2015இல் இன்னொரு சோதனையை வெளியிட்டிருந்தார்கள். அதில் ஃபாஸ்ஃபோமைசினோடு மோதியது வெறும் இபுப்ரோஃபென், அதாவது வலி மாத்திரை. அதை எடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆன்டிபயாடிக்கே இல்லாமல் குணமானார்கள். சிறுநீரகத் தொற்று அங்கேயும் கூடுதல்: 5 பேர், மறுபக்கம் 1. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிருமியைக் கொல்லாத வலி மாத்திரையும் மூலிகையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நடந்துகொண்டால், குணமாக்கியது யார்? பிரிட்டனில் ஊவா உர்சியை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டபோது பலனில் வித்தியாசம் தெரியவில்லை என்பதும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது. பெரும்பாலான பெண்களின் உடல் தானாகவே இந்தத் தொற்றை வெல்கிறது. தோற்கும் சிலருக்குத் தாமதத்தின் விலை காய்ச்சலும் இடுப்புக்கு மேல் வலியும்.

திரும்பத் திரும்ப வருவதைத் தடுப்பதில் படம் மாறுகிறது. கிரான்பெர்ரிப் பழத்தில் உள்ள புரோஆந்தோசயனிடின்கள் என்ற பொருள்கள் ஈ.கோலை சிறுநீர்ப்பைச் சுவரில் ஒட்டுவதைத் தடுக்கின்றன, கொல்வதில்லை, ஒட்டவிடுவதில்லை. 2023இல், மருத்துவச் சோதனைகளை மதிப்பிடும் காக்ரேன் குழு சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அடிக்கடி தொற்று வரும் பெண்களிடம் ஆபத்து சுமார் நான்கில் ஒரு பங்கும், குழந்தைகளிடம் பாதிக்கு மேலும் குறைந்தது. முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பலன் தெரியவில்லை. ஏற்கெனவே வந்துவிட்ட தொற்றுக்கு இது மருந்தும் இல்லை. ஆறு மாதம் தினமும் ஆன்டிபயாடிக் எடுப்பதா என்று தயங்கும் பெண்ணுக்கு இதை முதலில் முயன்று பாருங்கள் என்று தாராளமாகச் சொல்வேன். பலிக்கவில்லை என்றால் மெத்தனமைன் இருக்கிறது. அது தாவரமும் இல்லை, வழக்கமான ஆன்டிபயாடிக்கும் இல்லை. சிறுநீரில் ஃபார்மால்டிஹைடாகப் பிரிந்து கிருமியைக் கொல்லும். 2022இல் வெளியான பிரிட்டன் சோதனையில் தினசரி ஆன்டிபயாடிக்குக்கு அது பெரிதாகச் சளைக்கவில்லை.

## இரண்டையும் சேர்த்தால்?

ஆய்வாளர்கள் அதிகம் எதிர்பார்ப்பது இதைத்தான். பாக்டீரியா தன்னுள் நுழையும் நச்சை, ஓட்டைப் படகில் தண்ணீரை இறைப்பது போல, வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகளை வைத்திருக்கிறது. பெர்பெரினை ஸ்டாஃபிலோகாக்கஸ் இப்படித்தான் சமாளிக்கிறது. ஆனால் பெர்பெரின் தயாரிக்கும் சில செடிகள், அந்தப் பம்பையே அடைக்கும் இன்னொரு பொருளையும் சேர்த்தே தயாரிக்கின்றன என்று 2000இல் கண்டார்கள். அந்த இரண்டாவது பொருள் தனியாகக் கிருமியை ஒன்றும் செய்யாது. ஒவ்வொரு பொருளையும் பிரித்துப் பிரித்துச் சோதிக்கும் ஆய்வுகள் ஏன் ஏமாற்றம் தருகின்றன என்பதற்கு இது ஒரு விளக்கம். ஆயிரம் ஆண்டுப் பழைய ஆங்கிலேயக் கண் மருந்து ஒன்றும் அப்படித்தான்: பூண்டு, அதன் இனத்துச் செடி இன்னொன்று, திராட்சை மது, மாட்டுப் பித்தம் ஆகியவற்றைக் கலந்து ஒன்பது இரவு வைத்த அந்தக் கலவை, ஆய்வுக்கூடத்தில் எம்ஆர்எஸ்ஏவைக் கொன்றது. அல்லிசின் மட்டுமே அதற்குக் காரணமில்லை என்றும் தெரிந்தது.

அருமையான அறிவியல். ஆனால் பம்பை அடைக்கும் தாவரப் பொருள் எதுவும் இன்றுவரை மருந்தாகக் கைக்கு வரவில்லை. நீங்களாகவே ஆன்டிபயாடிக்கோடு மூலிகை மாத்திரையைச் சேர்ப்பது வேறு விஷயம். கால்சியம், இரும்பு, துத்தநாகம் கலந்த சத்துப் பொடிகள் டாக்சிசைக்ளினையும் சிப்ரோஃப்ளாக்சசினையும் பிடித்து வைத்துக்கொண்டு உடலில் சேரவிடாது. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவருக்குச் செறிவூட்டிய பூண்டு மாத்திரை ரத்தக்கசிவைக் கூட்டலாம். பல ஆன்டிபயாடிக்குகளும் அதே வார்ஃபரினின் வேகத்தை ஏற்றுபவை.

## ஒரே பார்வையில்

| நிலை | முதல் தேர்வு | தாவரப் பொருளுக்கு இடம் | தாமதத்தின் விலை |
|---|---|---|---|
| சளி, ஃப்ளூ, சாதாரண இருமல் | காத்திருப்பது | இதம் தர மட்டும் | குறைவு |
| தொண்டை வலி | பெரும்பாலும் காத்திருப்பது. ஸ்ட்ரெப் என்றால் மருத்துவர் முடிவு | இதம் தர மட்டும் | சிலருக்கு இதயம் |
| சிறுநீர்ப்பைத் தொற்று, வந்துவிட்டது | குறுகிய ஆன்டிபயாடிக். லேசானதில் மருத்துவரோடு பேசி ஓரிரு நாள் பொறுக்கலாம் | பலன் உறுதியில்லை | சிறுநீரகத் தொற்று |
| சிறுநீர்த் தொற்று, திரும்ப வராமல் தடுக்க | கிரான்பெர்ரி, பிறகு மெத்தனமைன் | நல்ல இடம் | குறைவு |
| லேசான முகப்பரு | பென்சாயில் பெராக்சைடு அல்லது டீ ட்ரீ ஜெல் | நல்ல இடம் | குறைவு. வடு விழும் பரு என்றால் மருத்துவர் |
| ஈறு வீக்கம் | துலக்குதல், சுத்தம் செய்தல் | தைமால் வகை கொப்பளிப்பான் | நடுத்தரம் |
| நிமோனியா, டைஃபாய்டு, ரத்தத் தொற்று, மூளைக்காய்ச்சல் | ஆன்டிபயாடிக், உடனே | இல்லை | உயிர் |

## வாங்கும் முன், காத்திருக்கும்போது

தாவர மாத்திரை வாங்குவதென்றால், செடியின் பெயர் மட்டும் போட்ட டப்பாவை விட்டுவிடுங்கள். எந்தப் பாகம், எந்தப் பொருள், எத்தனை மில்லிகிராம் என்று இருக்க வேண்டும். கிரான்பெர்ரி என்றால் புரோஆந்தோசயனிடின் அளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சோதனைகளில் பலவும் நாளுக்கு 36 மில்லிகிராமைச் சுற்றியே இருந்தன. இனிப்பூட்டிய பழச்சாறு அந்தக் கணக்கில் வராது. மண்ணும் மழையும் பறித்த மாதமும் மாறினால் ஒரே செடியின் சத்தும் மாறும். அளவு குறிக்காத டப்பாவில் அடுத்த முறை என்ன வரும் என்று சொல்ல முடியாது. எடுப்பதை மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம். "அது மருந்தில்லையே" என்று விட்டுவிடுவதுதான் பல மோதல்களுக்குக் காரணம்.

கர்ப்பிணிகள், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள், புற்றுநோய் மருந்தோ உறுப்பு மாற்று மருந்தோ எடுப்பவர்கள், சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்கள்: இவர்களுக்குக் காத்திருக்கும் வழியும் மூலிகை வழியும் மருத்துவரிடம் கேட்ட பிறகுதான். மற்றவர்கள் எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், குளிரோடு நடுங்கும் காய்ச்சல், மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு, கழுத்து விறைப்பு, முதுகின் பக்கவாட்டில் வலி, தோலில் நாளுக்கு நாள் பரவும் சிவப்பு, எச்சிலைக்கூட விழுங்க முடியாத தொண்டை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத்திணறலோ குழப்பமோ கழுத்து விறைப்போ என்றால் நேராக அவசரப் பிரிவுக்கு.